எல்லைக்குள்

ஜுபைலில் விடியுமுன்பே வெயில் வந்து காத்திருக்கும்.
இரவு ஷிஃப்ட் முடிந்த பஸ்
ஆட்களைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது.
பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா,
வருஷா வருஷம் அதே தயக்கம்.

நான் ரத்தம் எடுக்கிறவன்.
ஊதா மூடி அணுக்களுக்கு, மஞ்சள் மூடி ஈரலுக்கு.
சிறுநீர் மட்டும் வேலை முடிந்த கையோடு வேண்டும்:
மூச்சில் நுழைந்த பென்சீன்
வேறு பெயரில் வெளியேறும் நேரம் அது.

அடுத்த அறையில் லிஸம்மா
குழாயை நீட்டி, ஊது ஊது விடாதே இன்னும் என்று
நாலு பாஷையில் கத்துகிறாள்.
கூண்டுக்குள் ஹெட்ஃபோனோடு தில்பகதூர்.
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கவேண்டும்.
கேட்காதபோதும் அமுக்குகிறான்.
செவிடென்றால் டிக்கெட் போட்டுவிடுவார்களாம்,
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் கொம்பையா.
டேங்க் கழுவ உள்ளே இறங்குகிறவர்.
இடது கையில் நரம்பு ஒளிந்துகொள்ளும்,
வலதை அவரே நீட்டிவிடுவார்.
"மொதல்லாம் இனிப்பா ஒரு வாசனை வரும் தம்பி,
பங்க்ல வண்டிக்குப் பெட்ரோல் போடுறப்ப வருமே, அது.
இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. பழகிட்டு."

வெள்ளை அணு நாலாயிரத்து இருநூறு.
எல்லை நாலாயிரம்.
எல்லைக்குக் கீழே போனால்தான்
மெஷின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும்.
நட்சத்திரம் இல்லாத நாற்பது தாளில்
டாக்டர் முஅத்தஸ் இருபது நிமிஷத்தில் கையெழுத்திடுவார்.
வேலைக்குத் தகுதி.
வேலைக்குத் தகுதி.

சட்டையில் கம்பெனிப் பெயர் மாறும்போதெல்லாம்
கொம்பையாவுக்குப் புது ஃபைல்.
ஒவ்வொரு ஒப்பந்தக்காரரிடமும்
அவர் புதிதாய்ப் பிறக்கிறார்,
பழைய ரத்தம் எதுவும் இல்லாமல்.
இகாமா நம்பர் மட்டும் மாறவில்லை.
அதைப் போட்டு ஒரு ராத்திரி தேடினேன்.

ஏழாயிரத்து எண்ணூறு.
ஏழாயிரம்.
ஆறாயிரத்து இருநூறு.
ஐயாயிரத்து நூறு.
பிறகு இது.
ஐந்து தடவையும் எல்லைக்குள்தான் இருந்திருக்கிறார்.
காய்ச்சல் இல்லை, களைப்பில்லை,
கபடி ஆடுவேன் என்கிறார்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கேம்ப் கேன்டீனில்
கட்டம்போட்ட தாளை அவர் முன்னால் வைத்தேன்.
ஐந்து புள்ளி, பென்சிலால் ஒரு கோடு.
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"நம்ம டேங்க் ஏணி மாதிரி இருக்கு.
தரை எங்கன இருக்கு?"
தெரியாது என்றேன்.
"இத எழுதிக் குடுத்தா எடம் மாத்துவானா,
ஊருக்கு அனுப்புவானா?"
அதுவும் தெரியாது என்றேன்.

ஆறு வருஷமாய் எத்தனையோ கைகளைக் கட்டி
நரம்பைத் தட்டி எழுப்பியிருக்கிறேன்.
இவ்வளவு என்னிடம் யாரும் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.
வலிக்குதா, விரலை மடக்குங்க, பஞ்சை அமுக்கிப் பிடிங்க.
அதோடு சரி.

தாளை நாலாய் மடித்து
ஹெல்மெட்டுக்குள் பட்டையில் செருகிக்கொண்டு போனார்.
"எழுதாத. நான் சொல்லுதேன்."

எட்டு நாள் பேச்சில்லை.
ஃபாரத்தில் குறிப்பு எழுத இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
நான் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த எட்டு நாளும் அவர் இறங்கினார் என்பதையும்
இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒன்பதாம் நாள் வரிசையில் இல்லாத நேரத்தில் வந்தார்.
மேஜையில் அதே தாளைப் போட்டார்.
"என்னோடத எழுதிரு. இவனுவளதையும் போட்டுப் பாரு."
பின்பக்கம் பால்பாயிண்டில்
ஆறு இகாமா நம்பர், ஆறு விதக் கையெழுத்தில்.
ஒன்று வங்காள எண்ணில்.

ஐந்தைத் தட்டிவிட்டேன்.
ஆறாவதில் வியர்வை பட்டு மை கரைந்திருக்கிறது.
கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை.
விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.